ஊராட்சித் தலைவர் ஒருவரின் ஊர்
(போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் நிலவியலும் வரலாறும்)

நிலமும் போதாது, ஊராட்சிக்கு வருவாயும் போதாது என்னும் நிலையில் ஓர் ஊர் தன் முயற்சியால் எவ்வளவு தூரம் முன்னேற இயலும்? ஊராட்சி மன்றங்களில் பொறுப்பேற்றிருப்போர் அனைவருக்கும் இவ்வினா நன்கு பழக்கமானதே. இதற்கு விடை காண முயன்ற ஊர்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றுள் ஒன்று ஐரோப்பாக் கண்டத்தின் நடுப்பகுதியில், போலந்து நாட்டின் தென்பாகத்தில் அமைந்த வியெஷ்கோஸ்வாவிட்சே என்னும் சிற்றூர். பெயர் நம் நாவுக்குச் சற்றுக் கடினமானது. ஆதலின் இக்கட்டுரையில் பெரும்பாலும் 'இவ்வூர்' என்றே குறிப்போம்.

இவ்வூரின் ஊராட்சித் தலைவராக 1909 முதல் 1931 வரை பணியாற்றிய குடியானவர் ஒருவர், அதே காலத்தில் மூன்று முறை போலந்து நாட்டின் பிரதம மந்திரியாகவும் இருந்தார். அவர் பெயர் வின்சென்தி வித்தோஸ். அவர் பெருமையைப் பாடுவது மட்டும் நம் நோக்கமன்று. அவரை உருவாக்கிய ஊரின் நிலம், நீர், உடைமை முறை, ஊராட்சிச் சட்டம் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்தால்தான், ஓர் ஊராட்சி எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பது விளங்கும்.

நிலமும் நீரும்

கிராக்கோவ் என்னும் பழைய தலைநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலும், டார்னூவ் என்னும் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலும் இவ்வூர் உள்ளது. இதற்கும் டார்னூவ் நகருக்கும் இடையே டுனாயெட்ஸ் ஆறு ஓடுகிறது. தெற்கே தாத்ரா மலைகளின் பக்கம் தோன்றி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி, வடக்கே விஸ்துலா என்னும் பேராற்றில் கலப்பது இவ்வாறு. மலையில் விரைந்து பாயும் ஆறு, இவ்வூரை நெருங்கும்போது சமவெளியில் அகன்று விடுகிறது. ஆகவே ஆற்றோரத்தில் வண்டல் நிலமும், அதற்கு அப்பால் மணற்பாங்கான நிலமும், வடபுறத்தில் பரந்த காடுகளும் இங்குக் காணப்படுகின்றன.

அங்குப் பருவம் நம் பருவம் போன்றதன்று. குளிர்காலத்தில் நிலம் உறைந்து பனி மூடிக் கிடக்கும். ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்களே பயிர் வளரக்கூடிய காலம். கம்பு போன்று மணல் நிலத்திலும் தாங்கி விளையும் 'ரை' என்னும் தானியம், கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கால்நடைத் தீவனத்திற்கான குளோவர் ஆகியவை பண்டுதொட்டுப் பயிராகி வந்தன. ஒரு குடும்பம் நீண்ட குளிர்காலம் முழுவதற்கும் உணவையும், மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனத்தையும், அடுப்புக்கு விறகையும் கோடையிலேயே சேர்த்து வைத்தாக வேண்டும். ஆகையால் அங்கு ஏக்கர்க் கணக்கைக் காணும்போது, ஆண்டுக்கு ஒரு போகமே விளையும் நிலம் அது என்பதை நாம் மறத்தல் கூடாது.

வெள்ளம் இவ்வட்டாரத்தின் பழைய பகை. கோடை மழை மலையில் மிகுந்தால் டுனாயெட்ஸ் கரை புரளும். 1934 ஜூலையில் ஏற்பட்ட பெருவெள்ளம் இவ்வாற்றுப் பள்ளத்தாக்கையும் அண்டை ஆறுகளின் கரைகளையும் பாழாக்கி, 55 உயிர்களைப் பலி கொண்டது. அதன் பின்னரே, 1935இல், ஆற்றின் மேற்பகுதியில் ரோஷ்னூவ் என்னுமிடத்தில் பெரிய அணை கட்டத் தொடங்கினர். ஒரு தனி ஊராட்சி தன் எல்லைக்குள் வாய்க்கால் வெட்டலாம், கரையை உயர்த்தலாம். மலையிலிருந்து வரும் வெள்ளத்தைத் தடுப்பதற்கு அரசாங்கத்தின் கை வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

பண்ணையும் குடியானவரும்

1772ஆம் ஆண்டில் போலந்து நாட்டை அண்டை வல்லரசுகள் பங்கு போட்டுக் கொள்ளத் தொடங்கின. தென்பகுதி ஆஸ்திரியப் பேரரசிடம் சென்று, கலீசியா என்னும் மாகாணமாயிற்று. இவ்வூரும் அதனுள் அடங்கியது. அக்காலத்தில் நிலம் பிரபுக்களின் பண்ணைகளாக இருந்தது. குடியானவர் தமக்கு விடப்பட்ட சிறு நிலத்தை உழுது உண்பதற்கு ஈடாகப் பண்ணை நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். 1786இல் ஆஸ்திரியப் பேரரசர் இக்கட்டாய உழைப்புக்கு வாரத்தில் மூன்று நாள் என வரம்பு கட்டினார். வாரத்தில் பாதியை அளித்த பின்னரே ஒருவன் தன் நிலத்தைப் பார்க்க முடியும் என்பதே இதன் பொருள்.

அடங்கிக் கிடந்த துயரம் 1846 பிப்ரவரியில் வெடித்தது. டார்னூவ் வட்டாரத்துக் குடியானவர்கள் பண்ணை மாளிகைகளைத் தாக்கினர். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொலையுண்டனர். இரண்டே ஆண்டுகளில், 1848இல், கட்டாய உழைப்பு ஒழிக்கப்பட்டது. குடியானவர் தாம் உழுத நிலத்திற்கு உரிமையாளர் ஆயினர்.

ஆயினும் உரிமை வந்ததோடு வறுமை அகலவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, காடும் மேய்ச்சலும். முன்னர்ப் பண்ணைக் காட்டில் விறகு பொறுக்கவும், மேய்ச்சல் நிலத்தில் மாடு விடவும் குடியானவர்க்கு வழக்க உரிமை இருந்தது. 1848க்குப் பின் இவ்வுரிமைகள் வழக்கு மன்றங்களுக்கும் விசாரணைக் குழுக்களுக்கும் சென்றன. பெரும்பாலானவற்றில் குடியானவரே தோற்றனர். காடு பிரபுவிடம் நின்றது.

இரண்டாவது, பாகப் பிரிவினை. 1868இல் குடியானவர் நிலத்தைப் பிரிப்பதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் நிலம் பிள்ளைகளிடையே பிளவுபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீசியாவின் விவசாய உடைமைகளில் ஐந்தில் நான்கு பங்கு 5 எக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 12 ஏக்கருக்கு, உட்பட்டவை. பலருக்கு அதில் பாதியும் இல்லை. அத்துண்டுகளும் ஓரிடத்தில் இல்லாமல் நீண்ட ரிப்பன்கள் போலச் சிதறிக் கிடந்தன. வரப்புகளிலேயே நிலம் வீணாயிற்று. ஏர் திருப்பவும் இடமில்லை.

மூன்றாவது, கடன். விதைப்புக் காலத்திலும் வசந்தத்தின் பஞ்ச மாதங்களிலும் வட்டிக்கு வாங்கியவன் அறுவடையில் அதை அடைக்க இயலாமல் நிலத்தை இழந்தான். இவ்வாறு நிலமிழந்தோரும் நிலம் போதாதோரும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்; அல்லது ஆண்டுதோறும் பருவக் கூலிகளாக ஜெர்மனிக்குச் சென்று திரும்பினர்.

1874இல் இவ்வூரில் பிறந்த வித்தோஸ், இத்தகைய ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. சங்குஷ்கோ என்னும் பிரபுக் குடும்பத்தின் காடுகளில் தந்தையுடன் மரம் வெட்டிக் கூலி வேலை செய்தார். கிராமப் பள்ளியில் பெற்ற நான்கு வகுப்புக் கல்வியே அவர் பெற்ற பள்ளிக் கல்வி. மற்றவற்றையெல்லாம் நூல்களையும் பத்திரிகைகளையும் படித்தே தேடிக் கொண்டார். இளமையிலேயே குடியானவர் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதலானார்.

பண்ணை சேராத ஊராட்சி

இனி ஊராட்சியின் அமைப்பைக் காண்போம். போலந்து மொழியில் ஊராட்சிக்குக் 'க்மீனா' என்றும், அதன் தலைவருக்கு 'வூயிட்' என்றும் பெயர். கலீசியாவில் 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சிகளுக்குத் தேர்தல் மூலம் மன்றம் அமைக்கும் உரிமையை அளித்தது. உள்ளூர்ச் சாலைகள், ஏழைகளைப் பேணுதல், ஊர்க்காவல், பள்ளிக்கு இடவசதி முதலியவை மன்றத்தின் கடமைகளாயின.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. பிரபுவின் பண்ணை 'பண்ணைப் பகுதி' எனத் தனியே பிரிக்கப்பட்டு, ஊராட்சியின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது. ஊரின் பெருநிலமும் காடும் எங்கே இருந்தனவோ, அங்கே ஊராட்சியின் வரி செல்லாது. அரசாங்க நேர்வரிகளின்மேல் ஊராட்சி விதிக்கும் மேல்வரியே அதன் முக்கிய வருவாய். அவ்வரியைச் செலுத்தக் கூடியவர்கள் துண்டு நிலக் குடியானவர்கள் மட்டுமே. ஆதலால் கடமைகள் பல, காசு சில என்னும் நிலை ஏற்பட்டது. பல ஊர்களில் சாலைப் பணிக்குப் பணத்திற்குப் பதிலாக ஆளுழைப்பும் வண்டியுழைப்புமே வரியாகப் பெறப்பட்டன.

தேர்தலிலும் சமத்துவம் இல்லை. வரி செலுத்தும் அளவைக் கொண்டு வாக்காளர்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். மிகுதியாக வரி கட்டும் சிலரும், குறைவாகக் கட்டும் பலரும் ஒரே எண்ணிக்கையுள்ள அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்தனர். நிலமே இல்லாதவர் குரல் மன்றத்தில் ஒலிப்பதரிது.

இத்தகைய ஊராட்சிக்குத்தான் வித்தோஸ் தலைவரானார். முன்னதாக, 1908இல், அவர் கலீசிய மாகாண சபைக்கும், பின்னர் 1911இல் வியன்னாவில் கூடிய பேரரசின் பாராளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். ஊராட்சியில் எது இயலவில்லையோ அதனை மேலவைகளில் கேட்பது, மேலவைகளில் பெற்றதை ஊரில் நிறைவேற்றுவது என்னும் இரு வேலைகளையும் ஒருவரே சுமந்தார்.

சங்கங்கள் செய்த பணி

வரியால் செய்ய இயலாததை மக்கள் சங்கங்களால் செய்யத் துணிந்தனர். இதுவே கலீசியக் குடியானவர் வரலாற்றில் நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பகுதி.

முதலாவது, விவசாயிகள் வட்டம். 1882இல் இவ்வட்டங்களுக்கெல்லாம் பொதுவான மாகாணச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. நல்ல விதை, உரம், கருவிகள் ஆகியவற்றை மொத்தமாக வாங்குவதும், படிப்பகம் நடத்துவதும், ஊரிலேயே கடை வைப்பதும் இவ்வட்டங்களின் பணிகள்.

இரண்டாவது, நாணயச் சங்கம். பிரான்சிஷெக் ஸ்டெஃப்சிக் என்னும் ஆசிரியர், 1889இல் கிராக்கோவுக்கு அருகிலுள்ள செர்னிஹூவ் என்னும் ஊரில் முதற் சங்கத்தை ஏற்படுத்தினார். ஜெர்மனியில் ரைஃபைசன் வகுத்த முறையே இதற்கு வழிகாட்டி. அம்முறையின் விதிகள் எளியவை:

1. சங்கத்தின் எல்லை, ஒருவரையொருவர் நன்கறிந்த சிற்றூர் அளவுக்குள் இருத்தல் வேண்டும்.
2. சங்கத்தின் கடனுக்கு அங்கத்தினர் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பாவர்.
3. பயன் தரும் காரியத்திற்கு மட்டுமே கடன். அதுவும் அங்கத்தினர்க்கு மட்டுமே.
4. நிர்வாகிகள் ஊதியம் பெறாமல் பணியாற்றுவர்.
5. இலாபத்தைப் பங்கிடாமல் சேம நிதியில் சேர்ப்பர்.

பக்கத்து வீட்டுக்காரன் கடனைத் திருப்பாவிட்டால் தன் மாடும் போகும் என்பதால், கடன் கேட்பவன் எதற்குக் கேட்கிறான் என்பதை ஒவ்வொருவரும் கூர்ந்து கவனித்தனர். அதுவே இச்சங்கங்களின் காவல்.

இம்முறைக்கும் நம் மாநிலத்திற்கும் நேரான உறவு உண்டு. அன்றைய சென்னை மாகாண அரசாங்கத்தின் சார்பில் பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பிய நிலவங்கிகளை ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகள் அளித்தபோது, இந்த ரைஃபைசன் முறையையே பரிந்துரைத்தார். அதன் விளைவாகவே 1904இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் தொடங்கப்பட்டது. டுனாயெட்ஸ் கரையின் சங்கமும் திரூர்ச் சங்கமும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை.

தம் ஊரிலும் விவசாயிகள் வட்டமும் நாணயச் சங்கமும் இயங்குவதற்கு வித்தோஸ் பாடுபட்டார். ஊராட்சித் தலைவர் என்னும் முறையில் சாலைகளிலும், நீர் தேங்கும் வயல்களின் வடிகாலிலும், பள்ளியிலும் கருத்துச் செலுத்தினார். இவை எவையும் வியக்கத்தக்க பெரும் பணிகள் அல்ல. ஆனால் வடிகால் ஒன்று அமைந்தால், அத்துண்டு நிலத்தில் விதைப்பு முன்கூட்டியே நடைபெறும். சாலை ஒன்று சீர்பட்டால், 1856 முதல் இவ்வட்டாரத்தின் வழியே செல்லும் இரயில் பாதைக்கு விளைபொருள் வண்டி சேற்றில் புதையாமல் சேரும். நிலத்தின் பரப்பைக் கூட்ட முடியாதவன் அதன் பயனைக் கூட்டுவதற்கு இவையே வழிகள்.

ஊராட்சியிலிருந்து அமைச்சரவைக்கு

முதல் உலகப் போரில் இவ்வட்டாரம் போர்முனையாயிற்று. 1914–15 குளிர்காலத்தில் டுனாயெட்ஸ் ஆற்றையொட்டியே படைகள் எதிரெதிராக நின்றன. டார்னூவ் நகர் இரஷ்யர் வசம் இருந்தது. 1915 மே மாதத்தில்தான் போர்முனை கிழக்கே நகர்ந்தது. 1918இல் ஆஸ்திரியப் பேரரசு சிதைய, போலந்து மீண்டும் தனி நாடாயிற்று.

1920 கோடையில் சோவியத் படைகள் வார்சா நகரை நோக்கி வந்தன. குடியானவர் படையில் சேராவிட்டால் நாடு நிலைக்காது என்னும் நிலை. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் வித்தோஸ் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்றார். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஜூலை 15ஆம் நாள், நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியிருந்தது. நாட்டைக் காக்க அழைக்கப்பட்ட குடியானவர்க்கு, அந்நாட்டில் நிலம் உண்டு என்னும் உறுதி தேவைப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் வார்சாப் போரில் போலந்து வென்றது. 1921 மார்ச்சில் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியதும் அவர் ஆட்சிக் காலத்திலேயே.

பதவியில் இருந்தபோதும் கழுத்துப்பட்டை அணியாமல், கிராமத்தார் அணியும் நெடுங்காலணியுடனேயே அவர் சபைக்குச் சென்றார். ஊராட்சித் தலைமையையும் விடவில்லை. தம் பண்ணை வேலையையும் விடவில்லை.

அவருடைய ஆட்சிகளெல்லாம் வெற்றி பெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. 1923இல் இரண்டாம் முறை அவர் ஆண்டபோது பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. வேலை நிறுத்தங்கள் பெருகின. நவம்பரில் கிராக்கோவ் நகரில் கலகம் மூண்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1926 மே மாதத்தில் மூன்றாம் முறை அமைச்சரவை அமைத்த சில நாட்களிலேயே, பில்சூத்ஸ்கி என்னும் படைத்தலைவர் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார். 1930இல் வித்தோஸ் சிறையிலிடப்பட்டார். தண்டனை விதிக்கப்பட்ட பின் 1933இல் செக்கோஸ்லோவாக்கியாவில் அடைக்கலம் புகுந்தார். 1937 ஆகஸ்டில் குடியானவர்கள் பத்து நாட்கள் நகரங்களுக்கு உணவுப் பொருள் அனுப்ப மறுத்துப் போராடினர். அதில் 40க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1939இல் ஊர் திரும்பிய அவர், ஜெர்மானியர் பிடித்தபோது மீண்டும் சிறைப்பட்டார். 1945 அக்டோபர் 31ஆம் நாள் காலமானார். அவர் உடல் இவ்வூரிலேயே அடக்கம் செய்யப் பெற்றது. அவர் வாழ்ந்த வீடு 1971 முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது.

நிலம் என்னவாயிற்று?

1925ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் 2 இலட்சம் எக்டேர் பெருநிலத்தைப் பகிர்ந்தளிக்கத் திட்டமிட்டது. பகிர்வு மெதுவாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944 செப்டம்பர் ஆணையின்படி பெரும் பண்ணைகள் கலைக்கப்பட்டன. பின்னர் வந்த பொதுவுடைமை ஆட்சி, நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்க முயன்றது. குடியானவர் இணங்கவில்லை; 1956க்குப் பின் பெரும்பாலான கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. ஆக, அந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடமே தங்கியது.

ஆனால் துண்டு நிலம் துண்டு நிலமாகவே நின்றது என்பதையும் கூறியாக வேண்டும். இவ்வூர் அடங்கிய சிறு போலந்து மாகாணத்தில் இன்றும் சராசரிப் பண்ணை 5 எக்டேருக்குக் குறைவானதே. போலந்து முழுவதிலும் இதுவே மிகக் குறைந்த சராசரி. வாழ்வுக்கு உதவியது நிலத்தின் பெருக்கமன்று, நிலத்திற்கு அப்பாற்பட்ட வேலையே. 1927இல் டார்னூவ் நகருக்கருகே, ஆற்றின் மறுகரையில், அரசாங்கம் மோஸ்சிட்சே என்னும் நைட்ரஜன் உரத் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கியது. 1930இல் அது திறக்கப்பட்டது. கட்டியோர் நிலங்களை எடுத்தனர். ஆனால் சுற்று வட்டாரத்தார்க்கு வேலையும், வயலுக்கு உரமும் கிடைத்தன.

இன்றைய ஊராட்சி

ஊராட்சியின் கதையும் நேர்க்கோடாகச் செல்லவில்லை. 1933ஆம் ஆண்டுச் சட்டம் பல ஊர்களைச் சேர்த்துப் பெரிய க்மீனாக்களை அமைத்தது. பண்ணைப் பகுதி தனித்து நிற்பதும் முடிவுற்றது. 1954இல் க்மீனாக்களே கலைக்கப்பட்டன. 1973இல் மீண்டும் வந்தன, எனினும் தம்மிச்சையாக இயங்கும் உரிமை இல்லை. 1990 மார்ச்சில் நிறைவேறிய சட்டமே க்மீனாவுக்குத் தனிச்சொத்தும், தனி வரவு செலவுத் திட்டமும், தேர்தலில் அமையும் மன்றமும் அளித்தது. வருமான வரியில் ஒரு பங்கும், வீட்டு வரியும், விவசாய வரியும், அரசாங்க மானியமும் அதன் வருவாய்கள். 2002 முதல் வூயிட்டை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்வூரும் சுற்றியுள்ள சில ஊர்களும் சேர்ந்து ஒரு க்மீனா. அதனுள் ஒவ்வோர் ஊருக்கும் 'சோவ்திஸ்' என்னும் ஊர்ப் பெரியவரை ஊர்க்கூட்டமே இரகசிய வாக்கால் தேர்ந்தெடுக்கும். 2009இல் வந்த சட்டம் ஒன்று மேலும் சிறப்புடையது. க்மீனா மன்றம் விரும்பினால் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம். அதனை எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டம் வாக்கெடுத்து முடிவு செய்யும். செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் க்மீனாவுக்குத் திருப்பித் தரும். விளையாட்டுத் திடலோ, தெருவிளக்கோ, நடைபாதையோ, எது வேண்டும் என்பதை அங்கே வாழ்பவரே கூறுகின்றனர்.

ஆராய்தற்குரியவை

இவ்வூரின் வரலாற்றில் ஊராட்சியின் வலிமை மூன்றிடங்களிலிருந்து வந்ததைக் காண்கிறோம்: சட்டம் அளித்த எல்லையும் வரியும், மக்கள் தாமே அமைத்த சங்கங்கள், தலைவர்களின் நீண்ட உழைப்பு. ஒன்று குறைந்தபோது மற்றவை அதனை ஓரளவே ஈடு செய்தன. சட்டத்தின் குறையைச் சங்கத்தால் முழுதும் தீர்க்க இயலவில்லை. அதற்கு மேலவையில் போராட வேண்டியிருந்தது. நல்ல சட்டம் வந்த பின்னரும், ஊர்க்கூட்டத்திற்கு வந்து கை தூக்குவோர் இல்லையெனில் ஒதுக்கிய தொகை பயன்படாது.

ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் படிப்பு வட்டங்களிலும் பின்வரும் வினாக்களை எடுத்துக்கொண்டு கலந்தாராயலாம்:

1. நம் ஊராட்சி எல்லைக்குள் இருந்தும் வரிக்கணக்கில் வாராத உடைமைகள் உளவா?
2. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில், கடன் எதற்குப் பயன்பட்டது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கின்றனரா?
3. பாகப் பிரிவினையால் சிதறிய நிலங்களுக்குப் பொதுவாக அமைக்கக்கூடிய வடிகால், வண்டிப் பாதை, கிணறு யாவை?
4. சென்ற கிராமக் கூட்டத்தில் எத்தனை பேர் கலந்துகொண்டனர்? வாராதவர் யாவர், ஏன் வரவில்லை?

நான்காம் வினாவுக்கு விடை காண ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் நேரில் செல்ல வேண்டியிருக்கும். அடுத்த கூட்டத்திற்கு முன்னரே அங்கத்தினர்கள் அதனைச் செய்து முடித்தல் நலம்.